கைப்பழக்கத்தைக் கணினி கற்ற விதம்: ஸ்டான்போர்டு ஹெலிகாப்டர், ஒரு நிகழ்வு ஆய்வு

மூக்கு வானத்தைப் பார்க்கிறது, வால் தரையைப் பார்க்கிறது. அந்த நிலையில் ஒரு சிறிய ஹெலிகாப்டர் நின்ற இடத்திலேயே இப்படியும் அப்படியும் ஆடுகிறது. சுவர்க் கடிகாரத்தின் ஊசலைத் தலைகீழாக நட்டு வைத்தது போல. ஒரு பக்கம் சாயும்போது அதன் வயிறு தரையை நோக்குகிறது. மறுபக்கம் சாயும்போது வானத்தை நோக்குகிறது. ஒவ்வொரு சாய்விலும் பிளேடுகள் காற்றை அறையும் ஓசை மைதானம் முழுக்கக் கேட்கிறது. ஆர்.சி. ஹெலிகாப்டர், அதாவது தரையில் நின்று வானொலி வழியாக இயக்கும் சிறு ஹெலிகாப்டர், ஓட்டுபவர்கள் இதை ‘டிக்-டாக்’ என்கிறார்கள்.

பார்ப்பவருக்கு இது ஓர் ஆட்டம். ஓட்டுபவரின் விரல்களில் நடப்பது வேறு. கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியான டிரான்ஸ்மிட்டரில் இரண்டு ஸ்டிக்குகள் இருக்கின்றன. பரவலான அமைப்பில், இடது ஸ்டிக்கை மேலும் கீழும் நகர்த்தினால் எல்லாப் பிளேடுகளின் சாய்கோணமும் ஒன்றாக மாறும். இதற்குக் கலெக்டிவ் என்று பெயர். அதே ஸ்டிக்கைப் பக்கவாட்டில் நகர்த்தினால் வால் ரோட்டர் வேலை செய்யும். வலது ஸ்டிக் சைக்ளிக். முன்பின் சாய்வும் பக்கச் சாய்வும் அதன் பொறுப்பு. டிக்-டாக்கில் வயிறு தரையைப் பார்க்கும் பக்கம் சாய்ந்திருக்கும்போது கலெக்டிவ் நேர்மறையாக இருக்க வேண்டும். அப்போதுதான் ரோட்டர் ஹெலிகாப்டரை மேலே இழுக்கும். மறுபக்கம் சாய்ந்ததும் அதே மேல்நோக்கிய விசைக்குக் கலெக்டிவ் எதிர்மறையாக மாறியிருக்க வேண்டும். நடுவில், செங்குத்தாகக் கடக்கும் அந்தக் கண நேரத்தில், அது சுழியத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஹெலிகாப்டர் பக்கவாட்டில் ஓடிவிடும். இடது கட்டைவிரல் இதைச் செய்துகொண்டிருக்க, வலது கட்டைவிரல் சாய்வை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று இம்மி பிசகினாலும் ஆட்டம் ஒவ்வொரு சுற்றிலும் உயரத்தை இழக்கும். கீழே தரை இருக்கிறது.

நன்றாக ஓட்டும் ஒருவரிடம், “கலெக்டிவை எந்த நொடியில் மாற்றுகிறீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கைகளைக் காற்றில் அசைத்துக் காட்டுவார். அதுதான் அவரால் தர முடிந்த பதில். அவர் எதையும் மறைக்கவில்லை. அவருக்கு அது கையில் தெரியும், சொல்லில் தெரியாது.

கையில் மட்டும் இருக்கும் இந்த அறிவை வெளியே எடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்க முடியுமா? அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ இங் தலைமையில் பீட்டர் அபீல், ஆடம் கோட்ஸ் ஆகியோர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் உழைத்தார்கள். 2008-இல் அவர்களுடைய ஹெலிகாப்டர் மனிதக் கை படாமல் ஒரு முழு வான்சாகசக் காட்சியை நிகழ்த்தியது. எந்திரக் கற்றல் வரலாற்றில் இதை ஒரு வெற்றியாகக் குறித்துவைத்திருக்கிறார்கள். நான் இதைப் படிப்பது வேறொரு காரணத்துக்காக. சாகசப் பறத்தல் என்ற திறன் உண்மையில் எதனால் ஆனது என்பதை இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டிய வேறொரு முயற்சியை நான் அறியவில்லை.

எந்திரம் அனுமதிப்பது என்ன

மனிதர் ஏறிச் செல்லும் ஹெலிகாப்டர்களால் தலைகீழாக நிலைத்து நிற்க முடியாது. அவற்றின் பிளேடுகள் எதிர்மறைக் கோணத்துக்கு அவ்வளவு தூரம் திரும்புவதில்லை. எந்திரத்தின் எடையோடு ஒப்பிட்டால் கைவசம் உள்ள விசையும் போதாது. சாகசத்துக்கென்று செய்யப்படும் ஆர்.சி. ஹெலிகாப்டரில் பிளேடுகள் மேல்நோக்கி ஏறத்தாழ 12 பாகையும் கீழ்நோக்கி அதே அளவும் திரும்பும். நிமிர்ந்திருப்பதும் கவிழ்ந்திருப்பதும் அதற்கு ஒன்றுதான். தன் எடையைப் போல் பல மடங்கு விசையை நொடிப்பொழுதில் எந்தப் பக்கமும் செலுத்த வல்லது அது.

அந்த ரோட்டரில் எவ்வளவு வேகம் இருக்கிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். 70 சென்டிமீட்டர் பிளேடுகளும் அவற்றைப் பிடிக்கும் நடுப்பகுதியும் கொண்ட ஒரு பெரிய மாதிரி நிமிடத்துக்கு 2,000 சுற்று சுழன்றால் பிளேடின் முனை மணிக்கு 600 கிலோமீட்டர் அளவில் காற்றை வெட்டிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு பிளேடும் 200 கிராம் என்று வைத்துக்கொண்டால் இரண்டிலும் சேர்ந்த சுழல் ஆற்றல் தோராயமாக 1,800 ஜூல். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தின் ஆற்றல் 120 ஜூல்தான். இதைப் பொம்மை என்று அழைப்பவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. இந்த எந்திரங்களால் உயிர்கள் போயிருக்கின்றன.

இப்படிப்பட்ட எந்திரத்தை வெளியே நின்று ஓட்ட வேண்டும் என்பதுதான் மனிதருக்குள்ள முதல் பெரிய தடை. ஹெலிகாப்டர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது அதன் வலதும் நம் வலதும் ஒன்று. அது நம் பக்கம் முகம் திருப்பினால் இடவலம் மாறிவிடும். தலைகீழானால் கலெக்டிவ் புரண்டுவிடும். மேலே தள்ள நினைத்து ஸ்டிக்கை உயர்த்தினால் அது தரையை நோக்கிப் பாயும். சாகசத்தில் இந்த நிலைகள் எல்லாம் ஒரே நொடிக்குள் மாறி மாறி வந்துபோகின்றன. யோசித்துத் திருப்ப நேரம் கிடையாது. நான் சிமுலேட்டரில் பழகிய காலத்தில், எந்திரம் என்னைப் பார்த்துத் திரும்பிய ஒவ்வொரு முறையும் விரல்கள் உறைந்துபோகும். அதிலிருந்து மீள எனக்குப் பல மாதங்கள் ஆயின. மீண்ட பிறகு எப்படி மீண்டேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒருநாள் திசை திடீரென்று புரிந்தது, அவ்வளவுதான்.

1970-களில் ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் போன்றவர்கள் ஆர்.சி. ஹெலிகாப்டரை நிலையாகப் பறக்கவிடுவதே சாதனையாக இருந்தது. 1990-களில் அமெரிக்க உலகச் சாம்பியன் கர்ட்டிஸ் யங்பிளட் போன்றோர், குட்டிக்கரணம் அடித்துக்கொண்டே தன்னைத்தானே சுழலும் வகைப் பறத்தலைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். ‘3டி’ என்ற பெயர் நிலைத்தது அப்போதுதான். ஸ்டான்போர்டு குழு இந்த மரபின் முதிர்ந்த கட்டத்தில் உள்ளே நுழைந்தது.

முதல் படிகள்

இங் இதற்கு முன்பே ஹெலிகாப்டரில் கைவைத்திருந்தார். 2003-இல் ஆய்வாளர்கள் மைக்கேல் ஜோர்டன், ஷங்கர் சாஸ்திரி ஆகியோருடன் அவர் வெளியிட்ட ஆய்வில், 3.6 மீட்டர் நீளமுள்ள யமஹா ஆர்-50 ஹெலிகாப்டர் தானாக நிலைத்து நின்றது. 2004-இல் ஸ்டான்போர்டு குழுவின் இன்னொரு ஹெலிகாப்டர் தலைகீழாக நிலைத்து நின்றது. இரண்டுமே பெரிய வேலைகள்தான். ஆனால் ஒரே இடத்தில் நிற்பதற்கு ஓர் இலக்கு நிலையைச் சொன்னால் போதும். விலகினால் திரும்ப வந்துவிடலாம். சாகசத்தில் அப்படி நிற்கும் இடமே இல்லை.

2006-இல் நான்கு சாகசங்கள் வந்தன: முன்புறக் குட்டிக்கரணம், பக்கவாட்டுப் புரளல், புனல் வடிவச் சுற்று இரண்டு வகை. இதற்கு அவர்கள் பயன்படுத்தியது எக்ஸ்செல் டெம்பெஸ்ட் என்ற போட்டி ரக ஹெலிகாப்டர். 137 சென்டிமீட்டர் நீளம், 48 சென்டிமீட்டர் உயரம், 6 கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடை, இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். பின்னர் சினர்ஜி என்9 என்ற மாதிரியும் சேர்ந்தது. அன்று கடைகளில் எந்த ஆர்வலரும் வாங்கக்கூடியவையாக இருந்த எந்திரங்கள் இவை.

உள்ளே வைத்த கருவிகளும் எளியவையே: முடுக்கமானி, சுழல்மானி, காந்தமானி அடங்கிய ஒரு சிறு பெட்டி. இடத்தை அறிவதில்தான் சிக்கல் வந்தது. ஜி.பி.எஸ். வானத்தைப் பார்க்க வேண்டும். ஹெலிகாப்டர் கவிழ்ந்ததும் செயற்கைக்கோள்களின் தொடர்பு அறுந்துவிடும். ஆகவே தரையில் கேமராக்களை வைத்து எந்திரத்தின் இடத்தைக் கண்டார்கள். எல்லாத் தகவலும் தரையிலிருந்த கணினிக்கு வந்து, நொடிக்கு 20 முறை நான்கு கட்டளைகளாக, மனிதர் பயன்படுத்தும் அதே வகை வானொலி இணைப்பு வழியாக, ஹெலிகாப்டருக்குத் திரும்பிப் போயின. முன்பின் சைக்ளிக், பக்க சைக்ளிக், வால், கலெக்டிவ் ஆகியவையே அந்த நான்கு. இரண்டு கட்டைவிரல்களுக்குள்ள நான்கு திசைகள்தான் கணினிக்கும். ஒரு மனித விமானி பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். வேண்டிய நொடியில் கட்டுப்பாடு அவர் கைக்குத் திரும்பும்.

எழுதிக் கொடுத்த பாதை ஏன் பறக்கவில்லை

இனி இந்த ஆய்வில் நான் மிகவும் மதிக்கும் பகுதி. பொறியாளர் யாரும் முதலில் செய்வது எதுவோ அதைத்தான் இவர்களும் செய்தார்கள். சாகசத்தின் பாதையைக் கையால் எழுதிப் பார்த்தார்கள்: இந்த நொடியில் இங்கே இரு, இவ்வளவு சாய்ந்திரு, இவ்வளவு வேகத்தில் சுழல். அனுபவமுள்ள விமானியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் எண்களைத் திருத்தினார்கள். எளிய அசைவுகளுக்கு மேல் எதுவும் தேறவில்லை.

காரணம் நுட்பமானது. காகிதத்தில் வரைந்த ஒரு வட்டம் அழகாக இருக்கலாம். ஆனால் அந்த ஹெலிகாப்டரால் அந்த வட்டத்தில் பறக்க முடியுமா என்பது வேறு கேள்வி. அதன் எடை, அதன் விசை, அது முந்தைய நொடியில் கிளப்பிவிட்ட காற்று எல்லாம் சேர்ந்துதான் பாதையை முடிவு செய்கின்றன. எந்திரத்தால் இயலாத பாதையைக் கொடுத்தால் கட்டுப்பாட்டு மென்பொருள் எட்டாததை எட்டப் பார்த்துப் படுமோசமாகப் பறக்கும். பறக்கக்கூடிய பாதை எது என்பது விமானியின் கைக்குத் தெரியும். ஆனால் அவரால் அதை எண்களாகச் சொல்ல முடியாது. மைதானத்தில் கைகளை அசைத்துக் காட்டும் அந்தப் பதில்தான் இங்கும்.

சரி, அவரைப் பறக்கவிட்டுப் பதிவு செய்து, அந்தப் பதிவையே கணினிக்குப் பாதையாகக் கொடுத்தால் என்ன? இதிலும் ஒரு முள் இருந்தது. குழுவின் விமானி கேரட் ஓக்கு மிகுந்த தேர்ச்சி உடையவர். அவரும் ஒரு சாகசத்தைப் பத்து முறை செய்தால் பத்தும் பத்து விதமாக இருக்கும். ஒன்றில் வட்டம் சற்றுக் கோணும். ஒன்றில் குட்டிக்கரணம் இரண்டு மீட்டர் நகர்ந்துபோகும். காற்று அடிக்கும், கை அதைத் திருத்தும், திருத்தம் சற்று மிகும். எந்த ஒரு பதிவும் அவர் செய்ய நினைத்ததன் முழு வடிவம் இல்லை. ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் அதன் பிழையையும் சேர்த்துக் கணினி கற்றுக்கொள்ளும்.

பத்து நாள் கோலம்

அவர்கள் கண்ட வழியை விளக்க என் மனத்தில் வருவது கோலம்தான். ஒரு பாட்டி பத்து நாள் காலையில் ஒரே கோலத்தைப் போடுகிறார். ஒருநாள் ஒரு வளைவு பெரிதாகிவிட்டது. ஒருநாள் மாவு தீர்ந்து கோடு மெலிந்தது. ஒருநாள் அவசரம், ஒருநாள் நிதானம். எந்த நாளின் கோலமும் அவர் மனத்தில் இருக்கும் கோலம் அல்ல. ஆனால் பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றின் குறையை மற்றது காட்டிக்கொடுக்கும். பிழை ஒவ்வொரு நாளும் வேறு இடத்தில் விழுகிறது; எண்ணம் மட்டும் பத்திலும் ஒன்றாகவே இருக்கிறது. கண்ணில் படாத அந்தப் பதினோராவது கோலத்தை ஊகித்துவிடலாம்.

2008-இல் கோட்ஸ், அபீல், இங் மூவரும் எந்திரக் கற்றலுக்கான ஐ.சி.எம்.எல். மாநாட்டில் வெளியிட்ட ஆய்வின் சாரம் இதுதான். விமானியின் மனத்தில் ஓர் உத்தேசப் பாதை இருக்கிறது, அது நம் கண்ணுக்குத் தெரியாது, அவர் செய்து காட்டிய ஒவ்வொன்றும் அதன் பிசிறடித்த நகல் என்று அவர்கள் வைத்துக்கொண்டார்கள். பல நகல்களிலிருந்து மறைந்திருக்கும் மூலத்தைப் புள்ளியியல் முறையில் மீட்டார்கள். இதில் காலம்தான் பெரிய தொல்லை. ஒரு முறை அவர் வட்டத்தின் உச்சியை 3 நொடியில் தொடுவார், இன்னொரு முறை 3.4 நொடியில். அப்படியே சராசரி எடுத்தால் ஒன்றின் உச்சி மற்றொன்றின் சரிவோடு கலந்து பாதை குழம்பிவிடும். ஆகவே ஒவ்வொரு பதிவின் காலத்தையும் ஓரிடத்தில் இழுத்து, ஓரிடத்தில் சுருக்கி, உச்சியோடு உச்சியும் திருப்பத்தோடு திருப்பமும் பொருந்தும்படி அடுக்கினார்கள். பொருத்தினால் பாதை தெளியும். பாதை தெளிந்தால் பொருத்தம் இன்னும் கூர்மையாகும். இதைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள்.

மனிதரின் பொது அறிவுக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். நின்ற இடத்துக் குட்டிக்கரணம் என்றால் நடுப்புள்ளி நகரக்கூடாது. வட்டம் என்றால் அது ஒரே தளத்தில் இருக்க வேண்டும். விமானி இதைச் சொல்லில் சொல்ல முடியும். கையால்தான் முழுதாகச் செய்ய முடியவில்லை. சொல்லக்கூடியதைச் சொல்லாகவும் சொல்ல முடியாததைப் பதிவாகவும் வாங்கிக்கொண்டார்கள். இந்தப் பிரிவினை எனக்கு மிக அழகாகத் தெரிகிறது. எந்தக் கைத்தொழில் ஆசிரியரும் அறிந்த பிரிவினை இது.

கண்ணுக்குத் தெரியாத காற்று

பாதை கிடைத்தால் மட்டும் போதாது. அந்தப் பாதையில் எந்திரம் எப்படி நடந்துகொள்ளும் என்று கணினிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஹெலிகாப்டர் குட்டிக்கரணம் அடிக்கும்போது தானே கிளப்பிய சுழற்காற்றுக்குள் தானே திரும்ப நுழைகிறது. அந்தக் காற்றை அளக்க அதில் எந்தக் கருவியும் இல்லை. சமன்பாடுகளால் அதை முன்கூட்டிச் சொல்வதும் கிட்டத்தட்ட இயலாத காரியம்.

இங்கும் விமானியின் கை செய்வதையே செய்தார்கள். ஒரே சாகசத்தைத் திரும்பத் திரும்பச் செய்தால் காற்றும் ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அதே மாதிரி சுழலும். ஆகவே பொதுவான, கரடுமுரடான ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு, பாதையின் ஒவ்வொரு கட்டத்திலும் அது எவ்வளவு தவறுகிறது என்பதை மட்டும் பதிவுகளிலிருந்து குறித்துக்கொண்டார்கள். இந்த இடத்தில் எதிர்பார்த்ததைவிடச் சற்றுத் தாழும். இந்த இடத்தில் வால் கொஞ்சம் இழுக்கும். ஏன் என்று கணினிக்குத் தெரியாது. எவ்வளவு என்று தெரியும்.

மைதானத்தில் மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்வதும் இதே மொழிதான்: “மூக்கு கீழே வரும்போது இறங்கும், முன்னாடியே கொஞ்சம் கொடுத்துவிடு.” காற்றியல் படித்து வந்த வாக்கியம் இல்லை இது, நூறு முறை இறங்கியதைப் பார்த்த கையிலிருந்து வந்தது. ஆயிரக்கணக்கான மணி நேரம் பழகியவரின் தேர்ச்சியில் பெரும்பகுதி இப்படி இடத்துக்கு இடம் குறித்துவைத்த பிழைப் பட்டியல்தான் என்று இந்த ஆய்வு எனக்குக் காட்டியது. அவர் பொதுவாகப் பறக்கக் கற்றவர் மட்டும் அல்லர். அந்தச் சாகசத்தின் அந்தத் திருப்பத்தில் அந்த எந்திரம் என்ன செய்யும் என்பதைத் தனித்தனியாக அறிந்தவர். அதனால்தான் புதுச் சாகசம் ஒவ்வொன்றையும் அவரும் அடியிலிருந்து பழக வேண்டியிருக்கிறது.

காட்சி

கற்ற பாதையில் முதலில் கணினி பறந்தது, அந்தப் பறத்தலின் பதிவைச் சேர்த்துப் பிழைப் பட்டியலைத் திருத்தினார்கள், மறுபடி பறந்தது. முடிவில் கிடைத்த காட்சியில் நகர்ந்துகொண்டே அடிக்கும் குட்டிக்கரணங்கள், புரளல்கள், சுழன்றுகொண்டே போடும் வட்டங்கள், கத்திமுனைப் பறத்தல், தலைகீழாக வால்பக்கம் சறுக்கல், ஹரிக்கேன் எனப்படும் வேகமான பின்னோக்கிய புனல் சுற்று ஆகியவை இருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இணைப்புகளும் சேர்ந்தே இருந்தன. கணினி ஓட்டிய முதல் டிக்-டாக் இவர்களுடையதுதான். வட்டங்களும் ஹரிக்கேனும் அப்படியே.

விமானியின் செய்துகாட்டல்களைக் கணினி விஞ்சியது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த முடிவை நான் ஏற்கிறேன். அதன் பொருளைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். விமானிக்குத் தெரியாத எதையும் கணினி கண்டுபிடிக்கவில்லை. அவர் எண்ணியதை அவர் கையைவிட நெருக்கமாக நிறைவேற்றியது. அவருடைய வட்டங்கள் கோணின, கணினியின் வட்டம் குறைவாகக் கோணியது. அந்த வட்டம் அவருடையது.

எது யாருக்குக் கடினம் என்பது இங்கே முற்றிலும் இடம் மாறியிருப்பதைக் கவனித்தேன். மனிதருக்கு முதல் மாதங்களைத் தின்றுவிடும் திசைக் குழப்பம் கணினிக்கு இல்லவே இல்லை. எந்திரம் முகம் திருப்பினால் என்ன, கவிழ்ந்தால் என்ன, கணக்கில் ஒரு சுழற்சி கூடுகிறது, அவ்வளவுதான். நாங்கள் பயத்தில் உறைந்துபோன இடத்தில் அதற்கு ஒன்றுமே இல்லை. அதே சமயம், “இது டிக்-டாக், இப்படித்தான் இருக்க வேண்டும்” என்பது நல்ல டிக்-டாக்கை ஒருமுறை பார்த்த சிறுவனுக்குக்கூடப் புரிந்துவிடும். கணினிக்கு அதைப் புரியவைக்கத்தான் இத்தனை கணிதமும் தேவைப்பட்டது.

கைமாறாதவையும் இருந்தன. கற்ற பாதைக்கு மட்டுமே அந்தப் பிழைப் பட்டியல் பொருந்தும். அந்த ஹெலிகாப்டருக்கு மட்டுமே பொருந்தும். தேர்ந்த விமானியின் கையில் புதிய எந்திரத்தைக் கொடுத்தால் இரண்டு மூன்று பறத்தலுக்குள் அதன் குணத்தைப் பிடித்துவிடுவார். போட்டி மேடையில் இசைக்கு ஏற்ப அடுத்த அசைவைத் தேர்ந்தெடுப்பதும், இன்று காற்று சரியில்லை, இதைத் தாழ்வாகச் செய்ய வேண்டாம் என்று விட்டுவிடுவதும் அந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே இருந்தன. சர்வதேச வான் விளையாட்டுக் கூட்டமைப்பின் எஃப்3என் போட்டிப் பிரிவில் இசையோடு பறப்பதற்கென்றே ஒரு சுற்று உண்டு. அதைப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

குழு அத்தோடு நிற்கவில்லை. நின்ற இடத்தில் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டே, தன் அச்சில் சுழன்றுகொண்டே, குட்டிக்கரணத்தின் திசையையும் விடாமல் திருப்பிக்கொண்டே போகும் ‘கேயாஸ்’ என்ற சாகசத்தையும் கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மிகச் சிலரே செய்யக்கூடியது அது. 2010-இல் வெளிவந்த அவர்களுடைய விரிவான கட்டுரையில் இதுவும் இடம்பெற்றது.

இதே ஆண்டுகளில் ஆர்வலர்களின் எந்திரங்களுக்குள்ளும் கணினி வந்துசேர்ந்தது. ரோட்டரை நிலைப்படுத்த அதுவரை இருந்த சிறு துடுப்புத் தண்டு போய், மூன்று அச்சுச் சுழல்மானி உள்ள ஒரு சிறு மின்னணுப் பெட்டி அதன் இடத்தைப் பிடித்தது. இன்று சாகசம் செய்யும் கிட்டத்தட்ட அனைவரும் அதன் வழியாகத்தான் ஓட்டுகிறார்கள். விரல் கேட்ட சுழல்வேகத்தை அது தவறாமல் கொடுக்கும். எவ்வளவு கேட்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும் என்பதை அதனிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. அது இன்னும் விரலிடம்தான் இருக்கிறது.

எஞ்சினை அணைத்தபின்

ஸ்டான்போர்டு குழு செய்தவற்றில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பார்க்க மிக அடக்கமான பறத்தல் அது. 2008-இலேயே ஆட்டோரொட்டேஷன் எனப்படும் எஞ்சினற்ற இறக்கத்தையும் அவர்கள் கணினியிடம் கொடுத்தார்கள்.

எஞ்சின் நின்றால் ஹெலிகாப்டர் கல்லைப் போல் விழ வேண்டியதில்லை. விமானி உடனே கலெக்டிவைத் தாழ்த்துகிறார். கீழிருந்து மேலே வரும் காற்று பிளேடுகளைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. உயரத்தைக் கொடுத்துச் சுழற்சியைச் சேமிக்கும் கட்டம் இது. தரை நெருங்கும்போது மூக்கைத் தூக்கி முன்வேகத்தைக் குறைக்கிறார். கடைசி ஒன்றிரண்டு மீட்டரில் எந்திரத்தை மட்டமாக்கி, சேமித்துவைத்த சுழற்சி முழுவதையும் கலெக்டிவாகச் செலவழித்து மெதுவாக வைக்கிறார். அந்தச் சேமிப்பு ஒரு முறைக்குத்தான் போதும். ஒரு மீட்டர் முன்னதாகச் செலவழித்துவிட்டால் எந்திரம் காற்றில் நின்று, பிளேடுகள் தளர்ந்து, அந்த ஒரு மீட்டரும் விழும். தாமதித்தால் நேராகத் தரையில் மோதும். மற்றச் சாகசங்களில் விமானி தவறு செய்தால் விசையைக் கூட்டி மேலே ஏறித் தப்பிக்கலாம். இங்கே ஏறுவதற்கு விசையே இல்லை.

இந்த இறக்கத்துக்கும் விமானியின் இறக்கங்களைத்தான் பதிவு செய்து கணினிக்குக் கொடுத்தார்கள். நீள்சறுக்கல், மூக்கைத் தூக்குதல், தரையில் வைத்தல் என்று மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றையும் கற்பித்தார்கள். எஞ்சின் விசையில்லாமல் மேலிருந்து சறுக்கி வந்த ஹெலிகாப்டர், தரைக்கருகே மூக்கைத் தூக்கி, மட்டமாகி, இருந்த சுழற்சியைக் கொடுத்துவிட்டுப் புல்லின் மேல் உட்கார்ந்தது. பிளேடுகள் இன்னும் சில நொடிகள் சுழன்றுவிட்டு நின்றன.